லேப் ஜன்னல் அக்காவுக்கு நன்றி

அப்பா நேற்று ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார். குரல் இன்னும் கரகரப்புதான். ஆனாலும் வந்ததும் வராததுமாகக் கஞ்சியில் உப்பில்லை என்று அம்மாவிடம் சண்டை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வென்டிலேட்டரில் ஐந்தாம் நாள் மறுபடி காய்ச்சல். எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டு. நீர் கோத்தாலும், நுரையீரல் ஒரு பக்கம் சுருங்கினாலும் அப்படித்தான் தெரியும், சளியைக் கல்ச்சர் செய்து, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். சளி பாட்டிலை என் கையில் கொடுத்தார்கள். நானோ லிஃப்ட் வரிசையில் நின்று, மருந்து பில்லையும் கட்டிவிட்டு, சாவகாசமாக லேபில் போய்க் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் இருந்த அக்கா கூப்பிட்டார். "தமிழா? எந்த ஊரு?" தாராவி, பூர்வீகம் நாங்குநேரி என்றேன். "தம்பி, இதுல சளியே இல்ல, எச்சில்தான் இருக்கு." மைக்ரோஸ்கோப்பில் ஒரு வட்டத்துக்குள் வாயின் தட்டைச் செல்கள் 10-க்கு மேல் இருந்தால் அந்தச் சாம்பிள் ஆகாதாம். "இதை வளர்த்தா வாயில இருக்கிற கிருமிதான் வளரும். அதுக்கு மருந்து கொடுத்து என்ன பிரயோஜனம்?"

அவரே ஐசியூவுக்குப் போன் போட்டு, குழாய் வழியாக ஆழத்திலிருந்து எடுத்து அனுப்பச் சொன்னார். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்றார் என்னிடம். அவருடைய ட்யூட்டி அப்போதே முடிந்திருந்தது. பையைத் தோளில் மாட்டியபடி, வீட்டுக்குப் போக வேண்டிய லோக்கல் ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்த முறை மாடிப்படியில் ஓடினேன்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அசினெட்டோபேக்டர். அதுவரை போட்ட மருந்துக்கு மசியாத கிருமி. அன்றே மருந்தை மாற்றினார்கள். முதல் பாட்டிலையே பேசாமல் உள்ளே வைத்திருந்தால் யார் போய்க் கேட்டிருப்போம்?

வராந்தாவில் துணைக்குப் படுத்த 90 அடி ரோட்டுத் தம்பிகள், தினமும் சாப்பாடு அனுப்பிய மாட்டுங்கா அத்தை, தூங்காத டாக்டர்கள், தலைமாட்டை உயர்த்தி வைத்து வேளாவேளைக்கு அப்பாவின் வாயைச் சுத்தம் செய்த சிஸ்டர்கள், எங்களைத் திட்டித் திட்டியே சாப்பிட வைத்த ஆயா மாவ்ஷி, எல்லோருக்கும் நன்றி.

இன்று காலை அந்த ஜன்னலுக்குப் போனேன். அக்கா லீவாம். திரும்பும்போது லிஃப்ட் வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பையன், கையில் அதே மாதிரி பாட்டில். பிடித்து முன்னால் தள்ளிவிட்டேன்.