மழலையர் வகுப்புப் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், பெற்றோருக்கும், தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம். சென்ற ஆண்டில் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

நாலைந்து வயதுப் பிள்ளை தானே செய்யக்கூடிய வேலையை நாம் செய்து கொடுப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆண்டுத் தொடக்கத்தில் முடிவெடுத்தோம். வருடம் முழுக்க நடந்த கூட்டங்களும் பயிற்சிகளும் இதை ஒட்டியே அமைந்தன.

முதல் கூட்டத்தில் அநேகமாக எல்லாரும் சொன்ன தடை காலை அவசரம். சட்டைப் பொத்தானை நாம் போட்டுவிட்டால் நொடியில் முடிகிறது. பிள்ளை போட்டால் வாசலில் வண்டி வந்து நிற்கிறது. அதனால் பழக்கும் வேளையை மாலைக்கும் விடுமுறை நாளுக்கும் மாற்றச் சொன்னோம். பையை முதல்நாள் இரவே பிள்ளை எடுத்துவைப்பது, அதன் கை எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி அடிப்பது, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடை, வெல்க்ரோ ஒட்டும் ஷூ ஆகியவற்றைப் பல வீடுகள் கடைப்பிடித்தன. ஷூ நாடா கட்டுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் கைவரும். அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள நிகழ்ச்சி என்று நான் கருதுவது, கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுக்கும் முறை பற்றிய பயிற்சி. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி அது. ஜிப்பைப் பொருத்தி முக்கால்வாசி நாம் ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுகிறோம். அது பழகியதும் பாதியில் விடுகிறோம், அப்புறம் தொடக்கத்திலிருந்தே. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது பிள்ளைதான் என்பதால் மறுநாளும் அது ஆசையோடு கை நீட்டுகிறது. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த கல்விமுறையில், பொத்தானும் நாடாவும் பழகுவதற்கென்றே துணி பொருத்திய மரச்சட்டங்கள் உண்டு. பழைய சட்டைகளைக் கொண்டு அவற்றைச் செய்து வகுப்புக்குக் கொடுத்த உறுப்பினர்களுக்கு நன்றி.

“இதெல்லாம் சரி, எழுத்து எப்போது?” என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொத்தான் போடும் விரல்களே பென்சிலையும் பிடிக்கப்போகின்றன என்று ஆசிரியர்கள் விளக்கினார்கள். களிமண் பிசைவது, கத்தரிக்கோலால் வெட்டுவது, துணிக் கிளிப்பை அழுத்தித் திறப்பது எல்லாமே எழுத்துக்கான தயாரிப்புதான். மழலையர் பள்ளி என்ற ஏற்பாட்டை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் தொடங்கிய ஃப்ரோபல், பிள்ளைகளின் கையில் முதலில் கொடுத்தவை நூல்பந்தும் மரத்தாலான உருண்டையும் கட்டைகளும். 247 எழுத்துகளையும் ஒப்பிக்கச் சொல்லுமுன் காதைப் பழக்குவோம்: ‘மரம், மலை, மணி’ மூன்றும் எப்படித் தொடங்குகின்றன? ‘ம’ போய்விட்டால் ‘மலை’யில் மிச்சம் என்ன? எழுதத் தொடங்கும்போது ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் விரலுக்கு எளிது.

எண்ணிலும் இப்படித்தான். இருபது வரை கடகடவென்று சொல்லும் பிள்ளைகூட, எண்ணி முடித்த ஐந்து கரண்டிகளைக் காட்டி “மொத்தம் எத்தனை?” என்றால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவதுண்டு. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்று புரிய நாளாகும். அதனால் வீட்டில் ஆளுக்கொரு தட்டு எடுத்துவைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடும்படி எல்லாக் குடும்பங்களையும் கேட்டுக்கொண்டோம். பொறுப்பும் கணக்கும் அதில் சேர்ந்தே வருகின்றன.

தானே செய்யட்டும் என்பதற்காகப் பிள்ளையைத் தனியே தவிக்கவிடக் கூடாது என்பதில் செயற்குழு உறுதியாக இருந்தது. “எனக்கு உதவி வேணும்” என்று கேட்பதும் ஒரு திறமை. அதையும் பழக்க வேண்டும். உடையில் சிறுநீர் போய்விட்டால் திட்டாமல் மாற்றுடை கொடுப்பது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்தோம். ஏற்கெனவே வந்த திறமை திரும்பப் போய்விட்டாலோ, நாலு வயதிலும் பேச்சு வெளியாருக்குப் பெரும்பாலும் புரியாமல் இருந்தாலோ, காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

வரும் ஆண்டில் தாத்தா பாட்டிகளுக்கென ஒரு தனிக் கூட்டம் நடத்த விரும்புகிறோம். பகலில் பல பிள்ளைகள் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். ஊட்டிவிடும் கையை நிறுத்தச் சொல்வது அவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதையும் அறிவோம். அவர்களுடைய யோசனைகளைக் கேட்ட பிறகே அந்தக் கூட்டத்தின் பொருளை முடிவு செய்வோம். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகும் படப்புத்தகப் பெட்டிக்குப் பொறுப்பேற்க இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்