அட்மிரல் விஜய் சிங் ஷெகாவத்தின் பணிவாழ்வு: ஒரு குறிப்பு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். நீர்மூழ்கிப் பிரிவிலிருந்து இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி பதவிக்கு உயர்ந்த முதல் அதிகாரியான அட்மிரல் விஜய் சிங் ஷெகாவத் பற்றிய சுருக்கமான குறிப்பை உங்களுடன் பகிர்கிறோம்.

நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ஐஎன்எஸ் கல்வரி, சோவியத் ஒன்றியத்திடமிருந்து பெறப்பட்டு 1967 டிசம்பரில்தான் பணியில் சேர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த ஐஎன்எஸ் கரஞ்ச் கப்பலுக்கு 1971 போரின்போது ஷெகாவத் தலைமை வகித்தார். அதற்காக அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. பிரிவு தொடங்கி நான்கே ஆண்டுகளில் போர்க்களம் கண்டது என்பதை நினைத்தால் அந்தப் பொறுப்பின் கனம் விளங்கும். டீசல்-மின்சார நீர்மூழ்கிகள் நீருக்கடியில் மின்கலங்களால் இயங்கினாலும், அவற்றை மீண்டும் மின்னேற்ற டீசல் எந்திரங்களை ஓட்டியாக வேண்டும். அதற்குக் காற்று தேவை என்பதால், கப்பல் மேற்பரப்பை நெருங்கி ஸ்நார்க்கல் குழாயை வெளியே நீட்டும் வேளையே எதிரியின் கண்ணில் படும் ஆபத்து மிகுந்தது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது கப்பல் தலைவரின் முடிவு.

பின்னர் 1993 முதல் 1996 வரை அவர் தலைமைத் தளபதியாக இருந்தார். இவ்வகைக் கப்பலின் உட்புறத்தைக் காண விரும்புவோர், விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக உள்ள ஐஎன்எஸ் குர்சுராவைப் பார்க்கலாம்.