பிள்ளைகள் கதைக்கட்டும்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வணக்கம்.

போன கிழமை ஒரு தகப்பன் வந்து, "தரம் 11 பிள்ளையள் வகுப்பு நேரத்தில கதைச்சுக்கொண்டு இருக்கினம், ரீச்சர் பேசாமல் நிக்கிறா" என்று குறைப்பட்டார். அவர் கண்டது சரிதான். கதைக்கச் சொன்னது நான்.

அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஒருத்தி விஞ்ஞானப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஒளித்தொகுப்பை விளக்கிக்கொண்டிருந்தாள். சூரிய ஒளி, நீர், காபனீரொட்சைட்டு எல்லாம் ஒழுங்காக வந்தன. எதிரில் இருந்தவள், "அப்ப இரவில மரம் என்ன செய்யும்?" என்று கேட்டாள். சொன்னவளுக்கு வாய் அடைத்துவிட்டது. இருவரும் புத்தகத்தைத் திறந்து தேடினார்கள். விடை கிடைக்கும்வரை தகப்பனும் அசையவில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பல்ல. 13ஆம் நூற்றாண்டு நன்னூலே இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறது: ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால்பங்குதான் பிடிபடும், கூடப் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரைவாசி, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். (எங்களுக்குக் கொஞ்சம் சுடுகிற கணக்குத்தான்.)

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பவும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். விடிய நாலு மணிக்கு எழுப்பிப் பாடமாக்க வைத்தது அடுத்த தவணையில் காணாமல் போவதும் இதனால்தான்.

ஆகவே வீட்டிலும் தினம் 15 நிமிடம் பிள்ளை படித்ததைப் புத்தகம் பாராமல் எடுத்துச் சொல்ல வேண்டும். "எங்களுக்குப் படிப்புத் தெரியாது, சேர்" என்று பலர் சொல்கிறீர்கள். தெரியாதவர் கேட்டால் இன்னும் நல்லது. அம்மம்மா "ஏன் மோனை அப்பிடி?" என்று இரண்டு தரம் கேட்டால் பிள்ளை தானே விளக்க வேண்டி வரும். வயலால் வந்து களைத்திருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை போதும். ஆனால் ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டும் சோடி வேண்டாம். மாறி மாறிச் சொல்லட்டும். ரியூசன் கொப்பியைப் பார்த்து வாசிப்பது கணக்கில் வராது.

இரணைமடுப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளுக்கு மாலையில் சோடி கிடைப்பது கஷ்டம். அவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கதைக்க வகுப்பாசிரியர் ஒழுங்கு செய்வார். மற்றவர்கள், உங்கள் பிள்ளையின் சோடி யாரென்று வெள்ளிக்கிழமைக்கு முன் கொப்பியில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அதிபர்