கோபுரத் திருப்பணி நிறைவு அறிக்கை: பாதியில் ஏன் மறுபடி வசூல்?

தண்டையார்பேட்டை நம் தெரு அம்மன் கோயில் திருப்பணி முடிந்து, தை மாதம் கும்பாபிஷேகமும் நல்லபடியாக நடந்துவிட்டது. வரவு செலவுப் பட்டியலை அலுவலக அறையில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் எல்லோரும் கேட்பது, பாதி வேலையில் ஏன் வீட்டுக்கு வாரம் 100 ரூபாய் வாங்கினீர்கள் என்றுதான்.

கையில் இருந்தது 18 லட்சம். பாலாலயம் (வேலை முடியும்வரை சாமிக்குத் தற்காலிகச் சந்நிதி), ஸ்தபதி முன்பணம், சாரம் கட்டிய செலவு என்று 3 லட்சம் முதலிலேயே போய்விட, ஆனியில் வேலை தொடங்கும்போது 15 லட்சம். கூலி, சாமான், சார வாடகை எல்லாம் சேர்த்து வாரம் 50,000 என்பது மதிப்பீடு. அதாவது இருப்பு = 15,00,000 − 50,000 × வாரம், பள்ளிக்கூடத்தில் போட்ட அதே நேர்கோட்டுச் சமன்பாடு. 26 வாரத்தில் வேலை முடியும், கும்பாபிஷேகத்துக்கு 2 லட்சம் நிற்கும்.

8ஆவது வாரம் பாஸ்புக்கில் 11 லட்சம் இருக்க வேண்டும், இருந்தது 10,20,000. வெறும் 80,000தானே என்று சிலர் சொன்னார்கள். அது ஒரே தடவையில் போன பணமாக இருந்தால் கோடு ஒரு படி இறங்கிவிட்டுப் பழைய சாய்விலேயே போயிருக்கும்; இங்கே வாராவாரம் 10,000 கூடப் போய், சாய்வே மாறியிருந்தது. எல்லாம் கடல் காற்று செய்த வேலை. கோபுரத்தில் இருந்த பழைய சுதை (சுண்ணாம்புச் சாந்து) பொம்மைகளுக்குள் இருந்த கம்பி துருப்பிடித்து உப்பி சுதையைப் பிளந்திருந்தது, மேலே வர்ணம் மூடியிருந்ததால் ஏறித் தட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது, அப்புறம் உடைத்துப் புதுக் கம்பி கட்டாமல் விட முடியுமா?

வாரம் 60,000 என்றால் 25ஆவது வாரமே இருப்பு பூஜ்யம். வேலைக்கு 15,60,000, கும்பாபிஷேகத்துக்கு 2 லட்சம், ஆக 2,60,000 துண்டு விழும். மீதி 18 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் சுமார் 14,500. நம்மிடம் 145 வீடு. 100 ரூபாய் வந்த வழி இதுதான். கடைசி மாதத்தில் கேட்டிருந்தால் வீட்டுக்கு மொத்தமாகச் சுமார் 1,800 ரூபாய் கேட்க வேண்டியிருக்கும், யார் கொடுப்பார்கள்?

ஐப்பசி மழையில் 2 வாரம் வேலை நின்றது. சார வாடகை 12,000 மட்டும் போனது, வசூல் நிற்கவில்லை. எல்லாம் போக மிச்சம் 18,000, அதை மண்டலாபிஷேகத்துக்கு வைத்திருக்கிறோம். பில்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாயங்காலம் வரலாம்.