பூண்டு நட்டாயிற்று, அப்பா

ஸ்கார்பரோ, டொராண்டோ
நவம்பர் 22, சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலம்தானே? போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதியை அம்மா சத்தமாகத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது நழுவிவிடுகிறது. அதனால் இதை எழுதியே அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். இது உங்கள் கைக்கு வந்து சேரும்போது கார்த்திகை தீபம் முடிந்திருக்கும்.

போன தடவை பேசும்போது, "அங்க மரமெல்லாம் மொட்டையாப் போச்சாமே, இனி மாசக்கணக்குல வீட்டுக்குள்ளேயே எப்படித்தான் கெடக்கப்போறீங்களோ" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் இருந்த கவலை என் மனதை விட்டுப் போகவே இல்லை. நான் குளிரில் வாடிக்கொண்டு கிடக்கவில்லை, அப்பா. இந்த நவம்பர் எனக்குப் பிடித்த மாதம். தோட்டத்திலும் வேலை இருக்கும், வீட்டுக்குள்ளும் வேலை இருக்கும். இரண்டுமே கைக்கு இதமான வேலைகள்.

முக்கியமான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பூண்டு நட்டாயிற்று. பின்பக்கம் வேலியோரம் தக்காளி நின்ற பாத்தியைக் கொத்தி, மக்கிய மாட்டெரு போட்டு (இங்கே அது மூட்டையாகக் கடையில் கிடைக்கிறது), பல் பல்லாகப் பிரித்து ஊன்றினோம். பல்லுக்குப் பல் 6 அங்குல இடைவெளி, 2 அங்குல ஆழம், கூர்முனை மேலே பார்த்திருக்க வேண்டும். கூர்முனை எது என்று சின்னவளுக்கு ஒரு முறை காட்டியது போதும், அதற்கப்புறம் அவளே ஒரு வரிசையை நட்டு முடித்துவிட்டாள். ரகத்தின் பெயர் மியூசிக். இத்தாலியிலிருந்து இந்த மாகாணத்துக்கு வந்த ரகம். ஒரு பூண்டில் நாலைந்து பல்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெருவிரல் தடிமன். உரிக்கிற வேலை மிச்சம். அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

குளிர்காலம் வரப்போகிற நேரத்தில் யாராவது நடுவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்தப் பூண்டுக்குக் குளிர் வேண்டும், அப்பா. ஊன்றிய பல் மண் உறைவதற்கு முன்னால் வேர் விட்டுக்கொள்ளும். பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடக்கும். அந்தக் குளிர் பட்டால்தான் அடுத்த கோடையில் அது பல் பல்லாகப் பிரியும். குளிர் போதவில்லையென்றால் வெங்காயம் போல ஒரே உருண்டையாக நின்றுவிடும். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பனி உருகும்போது தோட்டத்தில் முதலில் தலைகாட்டும் பச்சை இதுதான். ஜூனில் நடுவிலிருந்து ஒரு தண்டு சுருண்டுகொண்டு வரும். அதை ஒடித்துவிட்டால் சத்தெல்லாம் கீழே கிழங்குக்கு இறங்கும். ஒடித்த தண்டையும் வீணாக்குவதில்லை, வதக்கித் துவையல் அரைத்தால் ஒரு வாய்ச் சோறு கூடுதலாக இறங்கும். ஜூலையில் கீழ் இலைகள் மஞ்சளடித்ததும் தோண்டி எடுத்து, நிழலில் சில வாரம் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும்.

நீங்கள் வத்தலக்குண்டு சந்தையில் வாங்கி வரும் மலைப்பூண்டை நட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கொடைக்கானல் மலைமேல் இருக்கிற பூம்பாறைக்காரர்களும் மே மாதம் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் நடுவார்களாம். அப்படியானால் அவர்களும் நானும் இப்போது ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். நம் வீட்டுத் திண்ணையில் நின்றால் தெரிகிற அந்த மலைக்கு மேலே! சந்தையில் மலைக்காரர்களைப் பார்த்தால் எனக்காக ஒன்று கேளுங்கள்: மார்கழி, தையில் அங்கே உறைபனி விழும்போது பாத்திக்கு என்ன செய்கிறார்கள், மூடாக்குப் போடுகிறார்களா?

நான் போட்டிருக்கிறேன். மூடாக்குக்கு இங்கே பஞ்சமே இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மேப்பிள் மரம், அக்டோபர் கடைசியில் மொத்த இலையும் கீழே வந்துவிடும். எல்லோரும் வாரிப் பெரிய காகிதப் பைகளில் கட்டித் தெருவோரம் வைக்கிறார்கள், நகராட்சி வண்டி எடுத்துக்கொண்டு போய் உரமாக்குகிறது. நான் எங்கள் வீட்டு இலையைக் கொடுப்பதில்லை. இலையை அப்படியே போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தகடாகிவிடும், தண்ணீர் இறங்காது. அதனால் என் வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டி நொறுக்கித் தந்தார். அரை முழ உயரத்துக்குப் பரப்பிவிட்டேன். நீங்கள் பனியைத்தான் பெரிய எதிரி என்று நினைக்கிறீர்கள், ஆனால் பாத்திக்குப் பனி நல்லது. அதற்குள் காற்று அடைபட்டிருப்பதால் கீழே மண்ணின் சூட்டைக் காப்பாற்றும். மண் வெறுமனே திறந்து கிடந்து, ஒரு நாள் உறைந்து மறுநாள் இளகி, மறுபடி உறைந்தால்தான் தொல்லை. அந்த ஆட்டத்தில் ஊன்றிய பல் மேலே தள்ளப்பட்டுவிடும். மூடாக்கு அதைத் தடுக்கிறது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இத்தாலியின் தெற்குக் கோடியில் இருக்கிற கலாப்ரியாவிலிருந்து வாலிப வயதில் இங்கே வந்தவர். அவர் தோட்டத்தில் ஒரு சீமை அத்தி இருக்கிறது, அவருடைய ஊர்க் குச்சியிலிருந்து வளர்ந்த மரம். இந்த ஊர்க் குளிரை அது தாங்காது. அவர் என்ன செய்கிறார் தெரியுமா? ஒவ்வொரு நவம்பரிலும் மரத்தை மண்ணில் புதைத்துவிடுகிறார்! இலை உதிர்ந்ததும் கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுகிறார். ஒரு பக்கத்து வேரை மட்டும் மண்வெட்டியால் வெட்டிவிட்டு, மறுபக்கம் ஆள் படுக்கும் நீளத்துக்குக் குழி தோண்டி, மரத்தை மெதுவாகச் சாய்த்து அதில் படுக்கவைக்கிறார். மேலே பலகை, பலகைக்கு மேல் இலை, அதற்கு மேல் மண். ஏப்ரலில் திரும்பவும் தோண்டி நிமிர்த்தி நிறுத்துகிறார். செப்டம்பரில் அந்த மரம் பழுக்கிறது. இந்த ஊரில் இருக்கிற பழைய இத்தாலியக் குடும்பங்களில் பலர் இதைச் செய்கிறார்களாம்.

இந்த வருஷம் அவருக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் பெரியவனும் போய்ச் சாய்த்துக் கொடுத்தார்கள். தாத்தா பக்கத்தில் நின்றுகொண்டு "மெல்ல, மெல்ல" என்று அவர் பாஷையில் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை முடிந்ததும் பலகைமேல் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார். நீங்கள் கன்றுக்குட்டியின் முதுகில் தட்டிக்கொடுப்பீர்களே, எனக்கு அதுதான் கண்ணுக்குள் வந்தது. இந்த முறையில் நம் முருங்கையை வளர்க்கலாமா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். முருங்கையைச் சாய்த்தால் மளுக்கென்று முறிந்துவிடும், அது நடக்கிற காரியம் இல்லை.

தாத்தாவின் மரம் மண்ணுக்குள் போவதற்குப் பல வாரம் முன்னாலேயே நம் கறிவேப்பிலை வீட்டுக்குள் வந்துவிட்டது. கோடை முழுக்கப் பின்வாசலில் தொட்டியில் நின்று, முழங்கால் உயரம் இருந்தது இடுப்புக்கு வந்துவிட்டது. இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே தூக்கிவிட வேண்டும். இப்போது தெற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நிற்கிறது. இலையைக் கொஞ்சம் கொட்டும், கொட்டினாலும் பயப்படக் கூடாது, தண்ணீரைக் குறைத்துவிட்டு அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். மார்ச்சில் துளிர்த்துவிடும். தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலை தாராளமாகக் கிடைக்கிறது, இலங்கைத் தமிழர்கள் நிறைய இருக்கிற பகுதி இது. முருங்கைக்காய், மரவள்ளி, வாழைப்பூ எல்லாம் நடந்து போய் வாங்கி வருகிற தூரம்தான். ஆனாலும் ரசத்துக்குத் தாளிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு ஈர்க்கு ஒடிக்கிற சுகத்தை எந்தக் கடையில் வாங்க முடியும்?

தோட்டம் முழுக்கக் காலியாகிவிடவும் இல்லை. கேல் என்று ஒரு கீரை இருக்கிறது, முட்டைக்கோசுக்கு உறவு, இலை சுருள் சுருளாகத் தடிப்பாக இருக்கும். உறைபனி விழுந்த பிறகுதான் அதற்கு ருசியே. குளிர் வந்ததும் செடி தன்னிடம் இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த சாறு சீக்கிரம் உறையாது, செடி பிழைத்துக்கொள்ளும். நமக்கு இனிப்பான கீரை கிடைக்கும். காலையில் விறைத்துப் போய் நிற்கிற இலையைப் பறித்து வந்து பொடியாக நறுக்கி, தேங்காயும் பாசிப்பருப்பும் போட்டுப் பொரியல் செய்கிறேன். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள்.

கடைசியில் பறித்த பச்சைத் தக்காளியைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி, கீழே நிலவறையில் வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு பழுத்த வாழைப்பழம். பழத்திலிருந்து வருகிற வாயு காயையும் பழுக்கவைத்துவிடும். அரிசிப் பானைக்குள் மாங்காய் வைப்பீர்களே, அதே கணக்குத்தான். தினமும் ஒன்றிரண்டு சிவக்கிறது. சிவக்காதது துவையலுக்கு.

பெரியவனுடைய வேலை டூலிப். பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்து இளவரசி யூலியானா பிள்ளைகளோடு ஒட்டாவாவில் வந்து தங்கியிருந்தார். 1943-இல் அங்கேயே அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. போர் முடிந்ததும் நன்றிக்காக 1945-இல் ஒரு லட்சம் டூலிப் கிழங்குகளைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். இன்றுவரை வருஷா வருஷம் கிழங்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, மே மாதம் ஒட்டாவாவில் பெரிய டூலிப் விழாவே நடக்கிறது. தங்க இடம் கொடுத்ததற்குப் பூச்செடியை நன்றியாக அனுப்பிய அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கேட்ட அன்றே அவனுக்கும் கிழங்கு வேண்டும் என்றாகிவிட்டது. வாசல் பக்கம் நட்டிருக்கிறான். இங்கத்து அணில் நம் அணில் மாதிரி சின்னது இல்லை, நல்ல பெரிசு, சாம்பலிலும் கறுப்பிலும் இருக்கும். டூலிப் கிழங்கென்றால் அதற்கு உயிர், தோண்டித் தின்றுவிடும். மேலே கோழிவலை விரித்துக் கல் வைத்திருக்கிறோம். பூண்டு வாடைக்கு மட்டும் அது கிட்டே வருவதில்லை.

வெளிக்குழாயை உள்ளிருந்து அடைத்துத் தண்ணீரை வடித்தாயிற்று, இல்லையென்றால் உறைந்து குழாய் வெடித்துவிடும். மண்வெட்டி, கடப்பாரையைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைத்துவிட்டேன், நீங்கள் செய்வது போலவே.

இனி வீட்டுக்குள். சூரியன் நாலே முக்காலுக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பால் குடித்து முடிப்பதற்குள் இருட்டு. முதல் வருஷம் அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது அந்த நேரத்துக்குச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். எல்லோரும் அங்கேயே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் வீட்டுப்பாடம், ஒருவர் பூண்டு உரிப்பது. சூட்டுக்கருவி ஓடிக்கொண்டே இருப்பதால் வீட்டுக்குள் காற்று வறண்டுவிடும், உதடு வெடிக்கும். அதனால் இந்த மாதங்களில் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். மிளகு ரசமோ கொள்ளு ரசமோ கொதித்தால் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படியும், சின்னவள் அதில் விரலால் தன் பெயரைத் தமிழில் எழுதுவாள்.

இட்லி மாவு பொங்காதே என்று அம்மா கேட்டாரே, பொங்குகிறது என்று சொல்லுங்கள். இரவு மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் போட்டுவிட்டால் அந்த வெதுவெதுப்பே போதும். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஜன்னல் திட்டில் ஒரு தட்டில் மண் பரப்பி வெந்தயம் தூவியிருக்கிறேன். சில நாளில் முளைத்துவிட்டது. அடுத்த வாரம் கிள்ளி வெந்தயக்கீரைச் சாம்பார் வைப்பேன். கார்த்திகைக்கு அகல் எல்லாம் எடுத்துத் துடைத்தாயிற்று. வாசலில் காற்று அணைத்துவிடும், அதனால் ஜன்னல் ஓரமாக வரிசையாக வைப்போம். பொரி உருண்டைக்கு வெல்லம் வாங்கிவிட்டேன்.

இப்படித்தான் இருக்கிறோம், அப்பா. அடுத்த முறை நீங்கள் கவலைப்படும்போது "பூண்டு என்ன ஆச்சு" என்று கேளுங்கள். அதற்கு எனக்கு எப்போதும் பதில் இருக்கும்.

அங்கே மழை எப்படி? மருதாநதி அணைக்குத் தண்ணீர் வந்ததா? தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்தாயிற்றா, ஆள் கிடைத்தார்களா? மழையில் தோப்புக்குப் போகும்போது தடி எடுத்துக்கொண்டு போங்கள், பூச்சி பொட்டு இருக்கும். மருந்தை நேரத்துக்குப் போடுங்கள். காது டாக்டரிடம் தம்பி கூட்டிப்போவதாகச் சொன்னான், தட்டிக்கழிக்காமல் போய் வாருங்கள்.

அம்மாவிடம் ஒன்று கேட்டுத் தம்பியை விட்டு எழுதச் சொல்லுங்கள்: பச்சைத் தக்காளித் துவையலுக்கு எள்ளு வறுத்துச் சேர்ப்பார்களா, கடலைப்பருப்பா? பெட்டியில் இன்னும் நிறையக் காய் கிடக்கிறது.

உங்கள் அன்பு மகள்