பத்து ஆராங் மக்களுக்கு: அப்பா நலம்

அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று இரவு இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். இன்னும் பலர் போன் செய்து விசாரிப்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அப்பா உங்கள் ஊரில் காணாமல்போய், எல்லாரும் தேடியது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

மோட்டார் சைக்கிளில் ஏரிக்கரை முழுக்கச் சுற்றிய பையன்கள், படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பியவர்கள், நாசி லெமாக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் புதருக்குள் இறங்கித் தேடிய மக்சிக் (மலாய்க்கார அம்மா), கோயிலிலிருந்து ஓடி வந்தவர்கள், போலீஸ்காரர்கள், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த ஏரிகள் ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய பள்ளங்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்புறம், கோப்பிக்கடை அங்கிள். இந்த மடல் பெரும்பாலும் அவருக்குத்தான்.

அப்பா பிறந்தது பத்து ஆராங் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். தாத்தா மலாயன் காலியரீஸ் கம்பெனியில் அடிச்சுரங்கத்தில் கரி வெட்டியவர். 1960இல் சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்குப் பத்து வயது. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பவருக்குப் பிறந்த ஊரைக் காட்டினால் ஏதாவது திரும்பி வரும் என்று நினைத்துக் கூட்டிப்போனேன். அதற்காகவே படித்து வைத்திருந்தேன். 1913இல் கம்பெனி தொடங்கியது, 1915இல் கரி எடுக்க ஆரம்பித்தது, மலாயாவின் ரயில் அந்தக் கரியில் ஓடியது, 1937 வேலைநிறுத்தத்தை அடக்கப் பட்டாளம் வரை வந்தது, ரயில் எண்ணெய்க்கு மாறியதும் கரிக்கு மவுசு போனது. கீழே எங்கும் சுரங்கவழி ஓடுவதால் ஊரில் உயரமான கட்டடம் கட்ட விடுவதில்லை என்பதைக்கூட விடவில்லை. ரவாங் தாண்டியதிலிருந்து காரில் ஒரே பிரசங்கம்.

அப்பா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. பழைய செங்கல் சூளையின் புகைபோக்கி கண்ணில் பட்டதும், "சங்கு ஊதிடுச்சா?" என்றார். சுரங்கத்துச் சைரனைக் கேட்கிறார். "சுரங்கம் மூடி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி திருத்தினேன். ஐந்தாவது முறை கத்தியேவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

கடைசியில் அவரைக் கண்டது பழைய கடைவரிசையில், மின்விசிறிக்குக் கீழே. முன்னால் பாதி குடித்த கோப்பி ஓ, பாலில்லாத கோப்பி. காலில் ஒற்றைச் செருப்பில்லை, முழங்கால் வரை சேறு. எதிரே எழுபதைத் தாண்டிய ஒரு சீனப் பெரியவர், கடையில் அத்தனை ஆட்கள் காத்திருக்க, இவரோடு உட்கார்ந்திருந்தார். அப்பா அவரிடம் மலாயில் சங்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாசல் பக்கம் திரும்பி, நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, "பெலும் பூஞி" என்றார். இன்னும் ஊதவில்லையாம். பிறகு தமிழில், "குடி, குடி, நேரம் இருக்கு."

அப்பா நிம்மதியாகக் குடித்தார்.

பிறகு அங்கிள் விவரம் சொன்னார். சங்கு ஊதுவதற்குள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும், கையில் தூக்குச்சட்டி இல்லை என்று இவர் அழுதிருக்கிறார். என் அப்பா, தன் அப்பாவுக்கு. பாட்டி கட்டிக்கொடுத்த சோற்றை இவர் தினமும் சுரங்க வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அங்கிள் எதையும் மறுத்துப் பேசவில்லை. மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) ஒரு பொட்டலம் கட்டி, கோப்பியை பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு முடிந்து, "இந்தா, உன் அப்பாவுக்கு" என்று கையில் கொடுத்திருக்கிறார். அது கையில் இருந்ததால்தான் அப்பா எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்து சேரும்வரை.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. தன் காலில் கிடந்த நீலச் சிலிப்பரைக் கழற்றி அப்பாவுக்கு மாட்டிவிட்டுத் தான் வெறுங்காலோடு அடுப்புக்குப் போனார். பெயர் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா இரண்டு தடவை சங்கைப் பற்றிக் கேட்டார். இன்னும் ஊதலப்பா என்றேன். சொல்லப் பழகிக்கொள்கிறேன். திருத்துகிற வேலையை இனி விட்டுவிட்டேன். அந்தத் தூக்குச்சட்டியில் பாட்டி என்ன குழம்பு வைத்துக் கொடுத்தாள் என்று அவரிடம் கேட்க வேண்டும்.

அங்கிள், உங்கள் சிலிப்பர் எங்களிடம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் அப்பா அதைக் கழற்ற மாட்டேன் என்கிறார், படுக்கையில்கூட. உங்கள் அளவு எட்டா ஒன்பதா என்று யாராவது கடைப்பக்கம் போனால் கேட்டுச் சொல்லுங்கள். புதுசாகவே வாங்கி வருகிறேன்.