மலைச் சாலையில் இறங்கும் கேரட் விலை

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரி கேரட்டின் விலையில் மண்ணுக்கு நிகரான பங்கு மலைப்பாதைக்கும் உண்டு. விடியுமுன் பிடுங்கி, இயந்திரத்தில் கழுவி, மூட்டை கட்டிய கேரட் தாமதமின்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். ஈரத்தோடு மூட்டைக்குள் அடைந்து கிடந்தால் சூடேறி அழுகிவிடும். 12 அடிக்கு ஓரடி ஏறும் பல்சக்கர மலை ரயில் பயணிகளுக்கானது. ஆக, லாரிகளுக்குக் குன்னூர், கோத்தகிரி சாலைகளே கதி. பருவமழையில் குன்னூர்ப் பாதையில் மண் சரிந்தால் அத்தனை லாரியும் கோத்தகிரிப் பக்கம் திரும்புகிறது. நேரமும் வாடகையும் கூடி, விவசாயி கையில் நிற்பது குறைகிறது. மண்சரிவுக்கு மழை மட்டும் காரணமில்லை. சாலையோர வடிகாலும் சிறுபாலமும் குப்பையால் அடைந்து, தண்ணீர் சரிவு மண்ணுக்குள் இறங்குகிறது. அக்டோபருக்கு முன்பே அவற்றைத் தூர்வார நெடுஞ்சாலைத் துறை முன்வர வேண்டும்.

– வாசகர், மேட்டுப்பாளையம்